பாதி விலை என்று நான் போட்ட படம்

எங்கள் ஊர்ப் பக்கம் எந்தக் கடையில் என்ன மலிவு என்று பெண்கள் பேசிக்கொள்வதற்கென்றே முகநூலில் ஒரு குழு இருக்கிறது. நான் காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கே என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. குழுவில் எனக்கு ஒரு பேர் இருந்தது. நான் எட்டிப் பார்த்தாலே, "ஆஃபர் அக்கா வந்தாச்சு" என்று யாராவது எழுதுவார்கள்.

அங்கே புழங்குகிற பேச்சே தனி. "மக்களே ஓடுங்க, இன்னைக்கு மட்டும்தான்" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். "எனக்கு மட்டும் கூப்பன் கோடு வேலை செய்ய மாட்டேங்குதே சிஸ்" என்று இன்னொருத்தி புலம்புவாள். "நான் ரெண்டு எடுத்துட்டேன், நன்றிக்கா" என்று ஒரு வரி வந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது. பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன்.

போன ஆடி மாதம் என் ஓரகத்தி ஒரு படம் அனுப்பினாள். திருப்பத்தூரில் ஒரு சின்ன துணிக்கடை. சுடிதார், நைட்டி எல்லாம் பாதி விலை, இந்தப் படத்தைக் காட்டினால் போதும் என்று போட்டிருந்தது. நான் அதைக் குழுவில் போட்டு, "மக்களே, சனிக்கிழமை திருப்பத்தூர் பஸ் நிறைய நாமதான்" என்று எழுதினேன். இதயங்கள் குவிந்தன.

சனிக்கிழமை நானும் ஓரகத்தியும் பஸ் ஏறிப் போனோம். எங்களுக்கு முன்னாலேயே பத்துப் பன்னிரண்டு பெண்கள் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கடைக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். மேசைக்கு மேலே மாதா படம், பக்கத்தில் ஒரு தையல் மிஷின். கடையில் அவள் ஒருத்திதான். ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது.

"அக்கா, இது போன வருசம் கடை தொறந்தப்போ போட்டது. இப்ப இல்லக்கா."

"அப்ப எதுக்குப் படத்தைப் போட்டு ஆளக் கூப்பிடுறீக?" என்றேன். "வேலைவெட்டி இல்லாமயா பஸ் ஏறி வந்தோம்?"

"நான் இப்ப போடலக்கா. கீழ தேதி இருக்குமே, பாத்தீகளா?"

"எங்க இருக்கு? நீங்களே பாருங்க."

என் போனை இரண்டு கையாலும் வாங்கி, மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தேதி இல்லை. "இருந்துச்சுக்கா," என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். போனை வாங்கி நான் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். அதைப் பார்த்ததும் துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு, "தேதி போட்டிருந்தேன்க்கா" என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கத்திக்கொண்டே எடுத்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போதே அதைக் குழுவில் போட்டுவிட்டேன். "பாதி விலைன்னு கூப்பிட்டு ஏமாத்துறாங்க. உஷார் மக்களே."

வீடு வந்து சேர்வதற்குள் பதில்கள் கொட்டிவிட்டன. "முகத்தை மூடும்போதே தெரியலயா?" "இவளையெல்லாம் சும்மா விடக் கூடாது." "அங்க எடுத்த சுடிதார் எனக்கு ஒரே தடவைல சாயம் போயிருச்சு." என் பக்கம் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் அந்த வீடியோவைப் பார்த்தார். "தேதி இருந்துச்சுன்னு அந்தம்மா அடிச்சுச் சொல்லுதே. ஒனக்கு வந்த படம் எங்க?" என்றார். அவர் வாயை அடைக்கத்தான் போனில் தேடினேன். இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று குழுவில் போட்டது. இன்னொன்று ஓரகத்தி அனுப்பியது, அதைவிட நீளமானது. அதன் அடியில் சிவப்பு எழுத்தில், 'கடை திறப்புச் சலுகை, மூன்று நாள் மட்டும்' என்று தேதியோடு இருந்தது. போன வருசத்துத் தேதி.

அடியை வெட்டியது நான்தான். படம் நீளமாக இருந்தால் எழுத்து பொடியாகத் தெரியும் என்று, 'பாதி விலை' மட்டும் பளிச்சென்று தெரிகிற மாதிரி வெட்டியிருந்தேன். வெட்டும்போது அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்தேனா? படிக்கவே இல்லை என்று கணவரிடம் சொன்னேன்.

"அப்ப உண்மைய எழுதிரு," என்றார்.

நான் எழுதவில்லை. வீடியோவை மட்டும் சத்தமில்லாமல் அழித்தேன். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் இன்னொரு டீச்சர் தன் போனைக் காட்டினார். நான் அழிக்கும் முன்பே யாரோ அந்த வீடியோவை எடுத்து, பாட்டு சேர்த்துச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். "டீச்சர், இந்தக் குரல் ஒங்க குரல் மாதிரியே இருக்கே?" என்றார். "சேச்சே, நான் இல்ல" என்றேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் திருப்பத்தூர் போனேன். கடையில் ஆள் இல்லை. "வாங்கக்கா" என்று எழுந்தவள், யாரென்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், படத்தை வெட்டியது உட்பட. வீடியோவை அழித்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

"நீங்க அழிச்சுட்டீக. மத்தவுக அனுப்புறது நிக்கலையே," என்றாள். "சிங்கப்பூர்ல இருந்து எங்க அண்ணன் போன் போட்டு, நம்ம வீட்டுப் பொம்பளை இப்படிப் பண்ணலாமான்னு கேக்குறாரு. தேதி போட்டேன்னு சொன்னா அவரே நம்பலக்கா."

"மன்னிச்சுருங்க" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க எழுதுனீகளோ அங்க எழுதுங்க."

அன்றைக்குச் சாயங்காலம் எழுதினேன். எழுதி எழுதி அழித்து, கடைசியில் நான் போட்டது இவ்வளவுதான்: "அந்தக் கடை மேல் தப்பு இல்லை. சின்னத் தவறான புரிதல். வருந்துகிறேன்." கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

மறுநாள் அதன் கீழே ஒரு பதில் வந்திருந்தது. கடைக்காரி குழுவில் சேர்ந்து எழுதியிருந்தாள். "இது தவறான புரிதல் இல்லைக்கா. உங்களுக்கே தெரியும்."

நான் போட்டதை எடுத்துவிட்டு, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அடியை வெட்டியது நான்தான், அந்த வீடியோவில் கத்துவதும் நான்தான் என்று எழுதினேன். எல்லாரும் என்னைக் காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன். "தப்பை ஒத்துக்க ஒரு மனசு வேணும், கிரேட்க்கா" என்று எழுதினார்கள். கை கூப்பினார்கள், பூங்கொத்து அனுப்பினார்கள். கடைக்காரிக்கு ஒரு வார்த்தை எழுதியவர்கள் யாரும் இல்லை. சாயம் போனது என்று சொன்னவளிடம் நானே தனியாகக் கேட்டேன். "அது வேற கடைன்னு நினைக்கிறேன்க்கா" என்றாள். அதைக் குழுவில் எழுதச் சொன்னேன். எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரி அண்ணனின் நம்பரை அனுப்பி, "நீங்களே சொல்லிருங்க" என்றாள். கூப்பிட்டேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

"டீச்சருங்கறீக. தேதிய பாத்துட்டுத்தான் வெட்டுனீகளா?" என்றார்.

இல்லை என்று வாய் வரை வந்தது. "பாத்திருப்பேன்," என்றேன்.

"சரிம்மா, என் தங்கச்சிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.