போலந்து வீட்டுப் பாய்லர்

கோவில்பட்டியைத் தாண்டி, கயத்தாறு போகும் வழியில் ஒரு டீக்கடை. உச்சி வெயில். கரிசல் காடு முழுக்க அனல் அடிக்கிறது. டீ மாஸ்டர் தன் போனை என் கையில் திணிக்கிறார்.

"கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி. போலந்துல இருந்து மக பேசுதா. வீட்டைச் சூடாக்குத கரி பாய்லர் அணைஞ்சு போச்சாம். மருமகன் வெளியூர் போயிருக்காரு. கைப்பிள்ளை குளிர்ல நடுங்குதாம்."

திரையில் இரண்டு ஸ்வெட்டரும் குல்லாவும் போட்ட பெண். அவள் பின்னால் சன்னலில் பனி. மாஸ்டர் கரியில் எரியும் தன் டீ பாய்லரைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்.

"ஏட்டி, முதல்ல புகை போற வழியைத் திற. சாம்பலைத் தட்டு. சுள்ளி வச்சுப் பத்த வை. பெறவு கரி போடு."

"அணைஞ்சு அணைஞ்சு போகுதுப்பா!"

"கரியை அள்ளி அமுக்காதம்மா, காத்து போகட்டும்!" என்று பெஞ்சிலிருந்து ஒரு லாரி டிரைவர் கத்துகிறார். யாரும் டீ கேட்கவில்லை. துண்டால் விசிறிக்கொண்டே எல்லோரும் போலந்தில் தீ பிடிக்கக் காத்திருக்கிறோம்.

ஒருவழியாகப் பிடிக்கிறது. கொஞ்ச நேரத்தில், பாய்லர் வெந்நீர் ஓடும் சுவரோரக் குழாயில் கை வைத்துப் பார்த்தவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

"சுடுதுப்பா."

இவ்வளவு நேரம் வெயிலில் பிடித்திருந்த போன் என் கையையும் சுடுகிறது. மாஸ்டர் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார்.

"ஆமாட்டி, இங்கன வரைக்கும் சுடுது."