மெசின் கொட்டிலுக்குப் போட்ட கதவு

ஐம்பதுகளின் கடைசியில் நான் கிளிநொச்சியில் உழவு மெசின் திருத்தும் வேலை செய்துகொண்டிருந்தேன். வட்டக்கச்சியில் குடியேறிக் கமம் செய்துகொண்டிருந்த ஒருவர் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். மெசினில் பழுது எதுவும் இல்லை, கொட்டில் கதவுதான் பிரச்சினை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். அண்ணை என்று கூப்பிட்டேன். முந்திய வருடம் மெசினின் பின்னால் பூட்டி இழுக்கும் பெட்டி கவிழ்ந்து அவருடைய வலது தோள் நசிந்துபோயிருந்தது. அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது, பாரம் தாங்காது. இடது கையால் மெசின் ஓட்டப் பழகிவிட்டார். பாலைமரப் பலகைக் கதவை மட்டும் அவரால் அசைக்க முடியவில்லை. காலையும் மாலையும் அவருடைய மனைவி வந்து தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்துவிடுவார்.

"கதவைக் கழட்டி விடுங்கோ எண்டு சொல்லிப் பாத்திட்டன் தம்பி. கேக்கிறாரில்லை," என்றார் அந்த அக்கா.

"விதைநெல் கிடக்குது. மாடு வந்திடும்," என்றார் அண்ணை, அவரைப் பார்க்காமலே. பிறகு என்னிடம் கேட்டார்: "மெசினில இருந்தபடியே நான் திறக்கிற மாதிரி ஏதும் செய்யேலுமோ?"

"ஓம், செய்யலாம்," என்றேன். அதுவரை அப்படி ஒன்றை நான் செய்ததில்லை.

வாசலுக்கு மேலே ஓர் இரும்புச் சட்டத்தைச் சற்றுச் சரிவாகப் பொருத்தினேன். கதவுக்கு இரண்டு சில்லுகள் பூட்டி அதில் தொங்கவிட்டேன். விட்டுவிட்டால் கதவு தன் பாரத்திலேயே உருண்டு மூடிக்கொள்ளும். அதைத் திறக்கும் பக்கம் இழுப்பதற்கு ஒரு கயிறு, ஒரு கப்பி, கயிற்றின் நுனியில் ஒரு மணல் சாக்கு. உள்ளே இடம் இல்லாததால் சாக்கு சுவருக்கு வெளியே தொங்கியது.

முதல் தடவை மணல் கூடிப்போயிற்று. கையை எடுத்ததும் கதவு ஓடிப்போய்த் தூணில் மோதியது. சிரட்டை சிரட்டையாக மணலை அள்ளிக் கொட்டினேன். ஒரு பகல் முழுக்க அதுதான் வேலை. கடைசியில் கதவு மூடியபடி நின்றது, கதவில் கட்டிய கைக்கயிற்றை மெல்ல இழுத்தால் திறந்தது. மெசினில் இருந்தபடியே எட்டிப் பிடிக்க உள்ளே ஒரு கைக்கயிறு, வெளியே ஒன்று, திறந்த கதவு மூடாதபடி அவற்றை மாட்டி வைக்க முளைகள்.

அக்கா சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மழை பெய்தா மண் கனக்குமெல்லே?"

"அவ்வளவு கனக்காது அக்கா," என்றேன்.

அண்ணை அன்று பின்னேரம் மெசினை ஏழெட்டுத் தடவை வெளியே எடுத்து உள்ளே விட்டார்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்தது. இரண்டாம் நாள் அவர் மெசினிலேயே என்னைத் தேடி வந்தார். "கதவு தானாத் திறந்திட்டுது," என்றார். பின்சில்லுக்கு மேலிருந்த மட்காட்டில் ஏறி உட்கார்ந்து அவருடன் போனேன். எருமைகள் உள்ளே புகுந்து மூன்று மூட்டை விதைநெல்லைக் கிழித்திருந்தன. அக்கா சேற்றோடு கிடந்த நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் அண்டைக்கே சொன்னனீங்கள்," என்றேன்.

"ஓம், சொன்னனான்," என்றார். கூட்டுவதை நிறுத்தவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. சாக்கை அவிழ்த்து எறிந்துவிட்டு, தேய்ந்துபோன கலப்பைத் தட்டுகளைக் கொண்டுவந்து ஒரு கம்பியில் கோத்துத் தொங்கவிட்டேன். இரும்பு மழையில் கனக்காது. அளவு சரியாக வருவதற்கு ஒரு தட்டைக் கழற்றி, அதற்குப் பதிலாக ஆணியில் முடுக்கும் இரும்புச் சுரைகள் நான்கைச் சேர்க்க வேண்டியிருந்தது. அண்ணை கண்டாவளையில் இருந்த மச்சானிடம் விதைநெல் வாங்கி வந்து, பத்து நாள் பிந்தி விதைத்தார். அந்தப் போகம் விளைச்சல் குறைவு என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னைக் குறை சொன்னதாகக் கேள்விப்படவில்லை.

இரும்பை மாட்டி முடித்த அன்று தேத்தண்ணி கொண்டுவந்து தந்த அக்கா, போகாமல் நின்றார்.

"தம்பி, கிணத்து வாளிக்கும் உப்பிடி ஒண்டு செய்யேலாதோ? ஒரு நாளைக்கு நாப்பது தரம் அள்ளுறன்."

நான் வாய் திறப்பதற்குள் அண்ணை பேசினார். "இவ்வளவு நாளும் நீ சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லை."

அண்ணை எழும்பி, கிணற்றின் ஆழத்தை எனக்குக் காட்ட முன்னால் நடந்தார்.