கம்பளம் மாடியில் இருந்தது

எங்கள் வீட்டில் 'நாற்றம்' என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டோம். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தோல் மண்டி. உப்புப் போட்ட ஆட்டுத்தோல்களுக்கு நடுவில் பகல் முழுவதும் நின்றுவிட்டு வருகிறவரைப் பார்த்து வீட்டிலிருப்பவர்கள் மூக்கைச் சுளிக்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்ற பெண்ணைப் பற்றி நான் அழுதுகொண்டே சொன்னபோதும், "நம்ம சோறு அதுலதான் வருது. வீட்டுக்குள்ள அந்தப் பேச்சு வேண்டாம்" என்று முடித்துவிட்டாள். அப்படியே பழகிவிட்டோம். 'வாடை' என்றுகூடச் சொல்வதில்லை. சன்னலைத் திறந்து வைப்போம், அவ்வளவுதான்.

கூடத்தில் கிடக்கும் சிவப்புக் கம்பளத்தை ஆள் வைத்துக் கழுவலாம் என்ற பேச்சு வந்தது மாமியால். மாமி அத்தாவின் தங்கை, பக்கத்துத் தெரு. எங்கள் பகுதிப் பெண்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்து அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு வீட்டில் கூடி, குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவார்கள். வாரம் ஒரு வீடு. அந்த வாரம் எங்கள் முறை.

"ஏன் அண்ணி, இந்தக் கார்பெட்டு வாங்கும்போது என்ன கலரு?" என்றாள் மாமி.

"ஏன், செவப்புதான்."

"அப்ப இப்ப இருக்கிறது அழுக்கோட கலரா? நான் புதுசு மாத்திட்டியன்னு நெனச்சேன்."

அம்மா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. நான் தேடிப்பிடித்து, வீட்டுக்கே வந்து கழுவித் தருகிறவர்களை வரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் இயந்திரத்தோடு வந்தார்கள். தண்ணீருக்கு அடுப்படிக் குழாயில் டியூபைச் செருக வேண்டும் என்று கேஸ் சிலிண்டரை நகர்த்தி வைத்தார்கள். நுரை பொங்கப் பொங்கத் தேய்த்து, உறிஞ்சி எடுத்து, "கைய வச்சுப் பாருங்கக்கா, காஞ்சே போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பளம் உண்மையிலேயே சிவப்பாக இருந்தது. அம்மா அதன் ஓரமாகச் சுவரை ஒட்டியே நடந்தாள்.

சாயங்காலம் நனைந்த ஆட்டின் வாடை கிளம்பியது.

நான் நூற்பாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பஞ்சிலும் நூலிலும் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளப்பதுதான் என் அன்றாடம். அதனால் இது எனக்குப் புதிராக இல்லை. மேலே கம்பளி காய்ந்துவிட்டது. அடியில் ஒட்டியிருக்கும் சணல் காயவில்லை. கழுவாமல் விட்டிருந்தால் பழைய அழுக்கு உள்ளேயே கிடந்திருக்கும். தண்ணீர் அதை எழுப்பிவிட்டது. செய்ய வேண்டியவற்றை வரிசையாக மனத்தில் போட்டுக்கொண்டேன். கம்பளத்தின் நான்கு மூலைகளையும் செங்கல் வைத்துத் தூக்கி, அடியில் காற்றுப் போக வழி செய்ய வேண்டும். மின்விசிறி நிற்கக் கூடாது. சன்னல்கள் மூடக் கூடாது. சமையல் சோடாவைத் தூவி, மறுநாள் தட்டி எடுக்க வேண்டும். மறந்தும் வாசனைத் தெளிப்பான் கூடாது. அது வாடையைப் போக்காது, மேலே ஒரு போர்வை போர்த்தும்.

எல்லாம் செய்தோம். ஆட்டு வாடை குறைந்தது. ஆனால் வியாழக்கிழமை தரையோடு முகத்தை வைத்து முகர்ந்தபோது வேறொன்று இருந்தது. அழுகிய பூண்டு மாதிரி, கெட்ட முட்டை மாதிரி. சணலில் கிருமி வளர ஆரம்பித்துவிட்டது என்று முடிவு செய்தேன். அதற்கு மருந்து வெயில்தான்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டேன். ஜும்மாத் தொழுகைக்குப் போவதற்கு முன் அத்தாவும் நானும் கம்பளத்தைச் சுருட்டி மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம். அத்தா வியர்த்துக் கொட்ட, "நூறு தோலு தூக்கலாம் போல, இது ஒண்ணு தூக்க முடியல" என்றார். மின்விசிறியையும் மாடிக்குக் கொண்டுபோய், சணல் பக்கம் மேலே தெரியும்படி விரித்துப்போட்டேன். திண்டுக்கல் வெயில் அன்று தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அஸர் நேரம் நெருங்கும்போது கம்பளத்தை மடக்கி, அடிப்பக்கத்தை மூக்கோடு வைத்து இழுத்துப் பார்த்தேன். காய்ந்த கம்பளியின் வாடை. வேறு ஒன்றுமே இல்லை. மூலைக்கு மூலை பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

சந்தோஷமாக உள்படி வழியாக இறங்கினேன்.

கீழ்ப்படியில் கால் வைத்ததும் அந்தப் பூண்டு வாடை முகத்தில் அடித்தது. முந்தின நாளைவிடப் பல மடங்கு. கூடம் வெறும் தரையாகக் கிடந்தது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பெண்கள் வருவதற்குள் சாம்பிராணிப் புகை கூடத்தில் நிறைந்து நிற்கட்டும் என்று அம்மா சாத்தியிருக்கிறாள். எங்கள் அடுப்படி கூடத்தைவிட ஒரு படி உயரம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு இறங்கி, பள்ளத்தில் தங்கும். இதைக் கல்லூரித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

கம்பளம் மாடியில் இருந்தது. வாடை கீழே இருந்தது.

அம்மாவுக்குக் கடையில் விற்கும் கப் சாம்பிராணி பிடிக்காது. கரியை அடுப்பில் வைத்துக் கனிய வைத்து, அதன் மேல்தான் தூவுவாள். அடுப்படிக்குள் அவளுடைய முதுகு தெரிந்தது. அடுப்பின் மேல் கம்பி வலை, வலையில் கரி. வலது கையில் லைட்டர்.

"அம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதே நொடியில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, அஸர் பாங்கு தொடங்கியது.

பாங்கு சொல்லும்போது அம்மா எந்த வேலையும் செய்ய மாட்டாள். கையில் என்ன இருந்தாலும் அப்படியே நிறுத்தி, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, முடியும்வரை உதட்டுக்குள் பதில் சொல்லிக்கொண்டு நிற்பாள். பேசவும் மாட்டாள், பேச விடவும் மாட்டாள். அன்றும் லைட்டரைப் பிடித்தபடியே நின்றாள்.

ஓட வேண்டும் என்று தோன்றியது. ஓடவில்லை. நான் கத்திக்கொண்டு பாய்ந்தால் பதறிப்போய் அவள் விரல் லைட்டரை அழுத்திவிடும் என்ற பயம். சுவிட்சுகள் பக்கம் கை போகாமல், வாசல் கதவை முதலில் அகலத் திறந்தேன். பிறகு மெதுவாக, தூங்குகிற குழந்தையின் அருகில் போவதுபோல, அடுப்படிக்குள் போனேன். "அம்மா, அத என்கிட்டக் குடு" என்றேன்.

அம்மா கண்ணை உருட்டி, இடது கை விரலை உதட்டில் வைத்து, பேசாதே என்றாள்.

நான் கையை நீட்டியபடி நின்றேன். அவள் தரவில்லை. பாங்கு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்; பிறந்ததிலிருந்து கேட்கிறேன். அது முடிவதற்கு முன் எத்தனை வரி மீதி இருக்கிறது என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. குனிந்து, மேடைக்கு அடியில் கைவிட்டு ரெகுலேட்டரைத் திருகி மூடினேன். செவ்வாய்க்கிழமை நகர்த்திய சிலிண்டரைக் கோணலாக வைத்திருந்தார்கள். ரப்பர் டியூப் அதற்கும் சுவருக்கும் நடுவில் மடங்கி நசுங்கியிருந்தது. மடிப்பில் நகத்தால் கீறியதுபோல ஒரு வெடிப்பு. அதன் அருகில் முகத்தைக் கொண்டுபோனபோது கண் எரிந்தது.

எழுந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து லைட்டரை வாங்கினேன். அவள் முகத்தில் கோபம் ஏறியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பாங்கு முடிந்த பிறகுதான் கேட்டாள், "ஏன்டி, பாங்கு சொல்லும்போது இப்படியா புடுங்குவ? கைய பாரு, செவந்து போச்சு."

"கேஸ் லீக்காகுது. வெளிய வா."

வாசலுக்கு வந்ததும் கையிலிருந்த லைட்டரைத் தெருவோரமாகத் தள்ளி வைத்தேன். அம்மா என்னையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அது கேஸா?" என்றாள். "ரெண்டு நாளா அடுப்படியில எனக்கு வந்துச்சே."

"வந்துச்சுன்னா ஏம்மா சொல்லல?"

"நீதான் கார்பெட்டுன்னு சொல்லிட்டியே. அதுக்கு மேல..." என்று நிறுத்தினாள். "நம்ம வீட்டுல நாறுதுன்னு நானே எப்படிடி சொல்ல?"

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமியும் தெருப் பெண்களும் வந்தபோது நாங்கள் இன்னும் வாசலில்தான் இருந்தோம். பக்கவாட்டு வெளிப்படி வழியாக எல்லாரையும் மாடிக்கு ஏற்றினேன். "மொட்டை மாடியில யாசீனா, கல்யாணக் கூட்டம் மாதிரி?" என்று மாமி கிண்டல் செய்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். வெயில் சூடு ஆறாத கம்பளத்தில் உட்கார்ந்து ஓதினார்கள். அம்மா ஒரு கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே ஓதினாள்; விடவே இல்லை.

டியூபை அன்றைக்கே மாற்றிவிட்டோம். கம்பளம் மறுபடி கூடத்தில் கிடக்கிறது, வாடை இல்லை. எனக்குத்தான் சரியாகவில்லை. ஆலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது எங்கிருந்தாவது அஸர் பாங்கு கேட்டால் என் கை தானாக நிற்கிறது. அது முடிந்ததும் வீட்டுக்குப் போன் செய்கிறேன். அம்மா எடுத்ததும் சலாம்கூடச் சொல்லாமல், "குனிஞ்சு பாத்துட்டேன். ஒண்ணும் நாறல, வேலையப் பாரு" என்கிறாள். இன்னொரு தடவை பார் என்கிறேன். பார்க்கிறாள்.

போன வாரம் அத்தா மண்டியிலிருந்து மழையில் நனைந்து வந்தார். அம்மா வாசலிலேயே, "அய்யய்ய, நாறுது" என்றாள். நான் அத்தாவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவர் கேட்காத சொல். அவர் முகம் வெளுத்தது. ஈரச் செருப்போடு கம்பளத்தின் மேலேயே ஓடி, அடுப்படிக்குள் புகுந்து ரெகுலேட்டரைத் திருகி மூடினார்.

"உங்க மேலதாங்க" என்றாள் அம்மா. அவர் ரெகுலேட்டரிலிருந்து கையை எடுக்கச் சற்று நேரம் ஆனது.