வாய்க்கு வருமுன்

"சைக்கிள்" என்று தாவீதுராஜ் கேட்டால், மனைவி பாக்கியத்தாய் டீக்குப் பால் வைக்கிறார். "டவுன் பஸ்ஸு" என்றால் சட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். "வெங்காயம்" என்பது மகள் அபிஷா. சில நாள் மூக்குக்கண்ணாடி. சொல் தப்பிவிட்டது என்று அவருக்கே தெரியும். உள்ளங்கையால் நெற்றியைத் தட்டிக்கொண்டு மறுபடி முயல்வார். மறுபடியும் சைக்கிள்தான் வரும்.

போன ஆடியில் வந்த பக்கவாதம் கை கால்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பேச்சை மட்டும் கலைத்துப் போட்டுவிட்டது. நினைப்பெல்லாம் சரியாக இருக்கிறது, வாய்க்கு வரும் வழியில் சொல் மாறிவிடுகிறது என்று மதுரை டாக்டர் விளக்கினார். பிழைப்புக்குக் குறைவில்லை. அருப்புக்கோட்டையில் அவர் விசைத்தறி மெக்கானிக். தறி ஓடும் சத்தத்தில் அங்கே யாரும் வாயால் பேசுவது கிடையாது. கையும் புருவமும்தான் பேசும். "அவுகளுக்குக் காது இருக்குல்ல, அது போதும்" என்பார் முதலாளி காளிராஜ். தறி அடிக்கிற தாளத்தை வைத்தே எங்கே பழுது என்று கண்டுபிடிக்கிற காது அது.

சங்கடம் கோயிலில்தான் வந்தது. திருச்சுழி ரோட்டில் இருக்கிற அவர்கள் ஊர்ச் சபையில், நீளமாக ஜெபிக்கிறவர் என்று அவருக்குப் பெயர். மழைக்காக ஜெபிப்பார், பரீட்சைக்காக ஜெபிப்பார், குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றும் ஜெபிப்பார். எல்லாம் வாய்விட்டுத்தான். சுகமானதற்கு நன்றி சொல்ல அவர் எழுந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை, "நன்றி ஆண்டவரே" என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வந்ததோ, தறியில் விரல் மாட்டினால் வாயில் வருகிற வசவு. சுத்தமாக, முழுசாக வந்தது. ஒரு குழந்தை சிரித்தது. 

அன்றோடு கோயிலுக்குப் போவது நின்றது. சாப்பாட்டுக்கு முன்னால்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயை மூடியபடி ஜெபித்தும் பார்த்தார். அது ஜெபமென்றே அவருக்குத் தோன்றவில்லை. வாயைத் திறக்கவோ பயம். ஆண்டவர் காதில் அது எப்படி விழுமோ என்ற பயம். அதை யாரிடமாவது சொல்லி ஆறவும் சொல் இல்லை.

பங்குனியில் அபிஷா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு நாள் காலையில் வலி கண்டு, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மதியம் டாக்டரம்மா வெளியே வந்து, பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது, துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேசன் செய்தாக வேண்டும் என்றார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகையில் அபிஷா அப்பாவின் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

"ஜெபம் பண்ணுங்கப்பா. நான் உள்ள போறேன்."

பரீட்சைக்குப் போனபோதும், கல்யாணமாகிப் போனபோதும் அவள் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பியவர் அவர்தான். இப்போது ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். அந்த வசவு மகளின் தலைமேலா விழ வேண்டும்?

"நீங்க சைக்கிள்னு சொன்னா அம்மா டீ போடுறாக" என்றாள் அபிஷா. வலியில் பேச்சு விட்டு விட்டு வந்தது. "அம்மாவுக்கே தெரியுது. உங்க வாய்க்கு வாரதுக்கு முந்தியே ஆண்டவருக்குத் தெரியாதாப்பா?"

தாவீதுராஜ் வாயிலிருந்து கையை எடுத்து அவள் தலையில் வைத்தார். "வெங்காயம்" என்று தொடங்கினார். பஸ் வந்தது, நாடா வந்தது, உப்பு வந்தது. நடுவில் அந்த வசவும், மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாக வந்தது. அவர் திடுக்கிட்டு நிறுத்தினார்.

"ம், சொல்லுங்கப்பா" என்றாள் அபிஷா, கண்ணைத் திறக்காமல்.

அவர் தொடர்ந்தார். இந்த முறை நிற்கவில்லை. மனசுக்குள் ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது. ஆமென் மட்டும் அபிஷா சொன்னாள். கதவு மூடியது.

பெஞ்சில் உட்காராமல் அவரும் பாக்கியத்தாயும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் உள்ளேயிருந்து அழுகை கேட்டது. மெலிந்து தொடங்கி, பிறகு நல்ல கோபத்தோடு. பெண் குழந்தை, ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நர்ஸ் வந்து சொன்னதும், பாக்கியத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாவீதுராஜ் சுவரில் சாய்ந்து சிரித்தார். நோவு வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். "மதுரை, மதுரை" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று பாக்கியத்தாய் கேட்கவில்லை.

எதிர் பெஞ்சில் காரியாபட்டிப் பக்கத்து அழகுத்தாய், நெற்றி நிறையத் திருநீறோடு, நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வலியோடு உட்கார்ந்திருந்த அவர் மகள்தான் அடுத்து உள்ளே போக வேண்டியவள். எழுந்து வந்து தாவீதுராஜின் முன்னால் நின்றார்.

"அண்ணே, எம்மகளுக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் தன் வாயைத் தொட்டுக்காட்டி, வேண்டாமென்று கையை அசைத்தார்.

"கேட்டுக்கிட்டுத்தான்ணே இருந்தேன்" என்றார் அழகுத்தாய்.

தாவீதுராஜ் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்துக் கண்ணை மூடி, தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற குரலில் தொடங்கினார்.