மண்டி மண்மேல் போட்ட நடைபாதை

எங்கள் வீட்டு வாசற்படியிலிருந்து தெருக் கேட் வரை முப்பத்திரண்டு அடி. அந்த முப்பத்திரண்டு அடியை என் மனைவி தன் காலால் நடந்து கடக்க வேண்டும் என்பதே அவ்வாண்டு எங்கள் குடும்பத்தின் பெருங்கவலையாக இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வேலூரில் அறுவை செய்துகொண்டு, வாக்கர் என்னும் நான்கு கால் சட்டத்தோடு வீடு திரும்பியிருந்தாள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னது இவ்வளவே:

“தினமும் நடக்கணும் பெரியவரே. ரெண்டு மாசம் படுத்துட்டாங்கன்னா அப்புறம் எழுந்துக்க மாட்டாங்க.”

வீட்டுக்குள் நடப்பதற்கு இடமில்லை. இரண்டு அறைகள், அவற்றில் பாதியைக் கட்டிலும் பீரோவும் பிடித்துக்கொண்டிருந்தன. வெளியிலோ மழைக்குச் சேறாகவும் வெயிலுக்கு வெடிப்பாகவும் மாறும் களிமண். வாக்கரை ஊன்றினால் ஒவ்வொரு காலும் ஒவ்வோர் ஆழத்துக்கு இறங்கியது. ஆகவே கற்பாதை ஒன்று போடுவதென்று தீர்மானித்தேன்.

“என் தம்பிய கூப்பிடுங்க,” என்றாள் மனைவி. “அவனுக்குத் தெரியாத கல்லு வேலையா?”

“உன் தம்பி வேலை செய்தது லடாக்கில். இது ஆம்பூர்,” என்றேன். அத்துடன் பேச்சை முடித்துக்கொண்டேன்.

மச்சானைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் கணியம்பாடிப் பக்கத்துக்காரர். அங்கே வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது வழக்கம். அவ்வாறே இவரும் போய், இராணுவத்தின் கட்டுமானப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றார். பனிமலை முகாம்களில் கூடாரத்துக்கும் சமையல் கொட்டகைக்கும் இடையே சிப்பாய்கள் வழுக்காமல் நடப்பதற்குப் பாதை போடுவது அவருடைய பணிகளில் ஒன்று.

நானோ பதினாறாம் வயதில் தோல் மண்டியில் சேர்ந்தவன். அறுத்த பச்சைத் தோலை விரித்து, உப்பைத் தேய்த்து, அடுக்கி வைக்கும் கிடங்குக்கு எங்கள் ஊரில் மண்டி என்று பெயர். முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த உப்பில் நின்றேன். பள்ளியில் படிக்காத தமிழை மண்டிக்கு வந்த பழைய செய்தித்தாள்களிலிருந்து கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

எங்கள் திருமணம் முடிந்த மூன்றாம் மாதம், முதல் விடுப்பில் வந்த மச்சான் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, “அக்கா, இன்னாக்கா இந்த வாட? எப்பிடி இங்க சோறு இறங்குது உனக்கு?” என்று கேட்டார். நான் குளித்துவிட்டு, வெளுத்த சட்டை உடுத்தி, அவரை வரவேற்க நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கைக்குட்டையை நான் மறக்கவில்லை. மறக்க முயலவும் இல்லை.

பாதை போடத் தீர்மானித்த அதே வாரத்தில், நான் வேலை செய்த பழைய மண்டியை இடித்தார்கள். தரையையும் தோண்டி எடுத்துக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணை நான் அறிவேன். ஒரு தலைமுறைக் காலம் தோலிலிருந்து உதறிய உப்பும் கசிந்த நீரும் இறங்கி, ஆட்கள் மிதித்து மிதித்து, கடப்பாரை போட்டால் தெறிக்கும் அளவுக்கு இறுகிய மண். அதில் புல் முளைக்காது. கரையான் அண்டாது. தோலையே அழுகாமல் காக்கும் உப்பு, ஒரு பாதையைக் காக்காதா என்று எண்ணினேன். மூன்று டிராக்டர் மண்ணைக் கொண்டுவந்து வாசலில் கொட்டச் செய்தேன்.

அக்காவைப் பார்க்க வந்த மச்சான், பாதைக்கு அளவாகக் கட்டியிருந்த நூலையும் குவிந்திருந்த மண்ணையும் கண்டு நின்றார்.

“மாமா, இது இன்னா மண்ணு?”

“மண்டி மண்ணு. கல்லு மாதிரி இருக்கும்.”

“அடியில மண்ணே போடக் கூடாது மாமா. லடாக்ல மண்ணுல இருக்கிற தண்ணி ராத்திரி ஐஸாயிடும். ஐஸானா உப்பும். கல்லத் தூக்கி எறிஞ்சிடும். அதனால ஒன்றரை அடி தோண்டி ஜல்லி போட்டுத்தான் கல்லு வைப்போம். தண்ணி கீழ இறங்கணும், மேல ஏறக் கூடாது.”

“சரி மச்சான். ஆம்பூர்ல ஐஸ் விழுந்தா உனக்கு ஒரு போன் போடறேன்.”

கொத்தனாரும் சித்தாளும் சிரித்துவிட்டார்கள். மச்சான் சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அது சளிக்காகவே இருந்திருக்கலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கொத்தனாரிடம், “இன்னும் ரெண்டு பாண்டு மண்ணு ஜாஸ்தியா போடுப்பா,” என்று உரக்கச் சொன்னேன்.

புரட்டாசியில் பாதை முடிந்தது. மண்டி மண்ணைக் கொட்டி, திமுசுக் கட்டையால் இடித்து, சிமெண்டுக் கலவை விரித்து, அதன்மேல் இரண்டடிக் கருங்கல் பலகைகளைப் பதித்தோம். என் மனைவி முதல் நாள் பாதி தூரம் போய்த் திரும்பினாள். பத்தாம் நாள் கேட்டைத் தொட்டாள். ஐப்பசி பிறந்தபோது, காய்கறி வண்டிக்காரனோடு கேட்டருகே நின்று, “இன்னாப்பா, கத்திரிக்காய்க்கு என் வயசயா வெல சொல்ற?” என்று வாதாடிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் அமர்ந்து அதைக் கேட்டேன். மச்சானும் இதைக் கேட்டிருக்க வேண்டுமென்று விரும்பினேன்.

மழை பெய்தது, ஓய்ந்தது. மார்கழிக் குளிர் வந்தது. ஒரு நாள் விடியற்காலையில் வாசலுக்கு வந்தபோது, தெருவெல்லாம் காய்ந்திருக்க எங்கள் பாதை மட்டும் வியர்த்திருந்தது. வெயில் ஏறியதும் ஈரம் வற்றி, கல்லின் ஓரங்களில் வெள்ளை பூத்தது. மறுநாளும் அப்படியே. ஈர்க்குமாற்றால் அதைப் பெருக்கினேன். பெருக்கிய இடத்தில் சிமெண்டும் சேர்ந்து பொடியாக வந்தது.

“அது இன்னாங்க வெள்ளையா?” என்று கேட்டாள் மனைவி.

“சுண்ணாம்பு. புது வேலையில கொஞ்ச நாளு அப்பிடித்தான் வரும்.”

முப்பத்தெட்டு ஆண்டு உப்பைக் கையாண்ட ஒருவனுக்கு அது சுண்ணாம்பா உப்பா என்று தெரியாமல் போகுமா? தெரியும். முதல் நாளே தெரியும். ஆனால் அதை உப்பென்று சொன்னால், அடுத்த சொல்லாக மச்சானின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் அவள் எழுவதற்கு முன்பே எழுந்து, வெள்ளையைப் பெருக்கி, ஈரத்தைச் சாக்கால் துடைத்து வைத்தேன். கற்கள் மெல்ல அசையத் தொடங்கின. சில ஒரு மூலையில் இறங்கின. சில ஒரு விரல் கனம் எழும்பின. எழும்பிய இடங்களில் மணலைத் தூவி மறைத்தேன்.

தை மாதத்தில் ஒரு காலை, கேட்டுக்கு எட்டடி முன்னால், வாக்கரின் முன்கால் ஒரு கல்லின் விளிம்பில் மாட்டியது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். நான் வாசற்படியிலிருந்து ஓடிச் சேர்வதற்குள் காய்கறி வண்டிக்காரன் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து தூக்கிவிட்டான். எலும்பு முறியவில்லை. முழங்கை கன்றிப்போயிற்று. ஆனால் மறுநாள் அவள் கட்டிலை விட்டு எழவில்லை. அதற்கு மறுநாளும் எழவில்லை.

“கல்லு காலப் புடிக்குது,” என்றாள். “நான் வர மாட்டேன்.”

“நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்,” என்றேன்.

“நீங்க சுண்ணாம்புன்னு சொன்னவரு.”

பதினோரு நாட்கள் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மருத்துவர் சொன்ன இரண்டு மாதக் கெடுவில் பதினோரு நாள் கழிந்துவிட்டதை நான் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள், கழுவிய தட்டை வைக்கப் போனபோது, திரும்பாமலே சொன்னாள்: “என் தம்பி வந்து போட்டாத்தான் எழுந்திருப்பேன்.”

போன் செய்தேன்.

“மச்சான், பாதை கொஞ்சம் மேடு பள்ளமாயிடுச்சி. வந்து பாரு.”

மறுமுனையில் அவசரமே இல்லாத ஒரு குரல்: “இன்னா மாமா, ஆம்பூர்ல ஐஸ் விழுந்திடுச்சா?”

அந்தக் கேலியை நான்தான் அவருக்குக் கொடுத்தேன். புரட்டாசியிலிருந்து அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

மறுநாள் பேருந்தில் வந்து இறங்கினார். கையில் ரசமட்டம், தோளில் ஒரு பை. அக்காவைத் தூக்கி உட்காரவைத்து, கட்டிலை வாசல் தெரியும்படி இழுத்துப் போட்டார். பிறகு பாதைக்கு வந்து, ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பினார். அது பல் விழுவதுபோல் கழன்று வந்தது. அடியில் வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“அக்கா சொல்லுது, சுண்ணாம்பாமே?”

நான் அதை விரலால் நசுக்கிப் பார்த்தேன்.

“நாக்குல வச்சிப் பாருங்க மாமா. உங்களுக்குத் தெரியாததா?”

மண்டியில் உப்புத் தண்ணீரின் பதத்தை நாக்கால் அறிந்து சொல்பவன் நான். அதற்காகவே என்னைப் பிற மண்டிகளிலிருந்தும் அழைத்திருக்கிறார்கள். என் மனைவி கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நாக்கில் வைத்தேன்.

“உப்பு,” என்றேன், அவளுக்குக் கேட்கும்படி.

“அவ்ளோதான்,” என்றார் மச்சான். “அங்க ஐஸு, இங்க உப்பு. காலையில கரையுது, மதியானம் இறுகுது. இறுகும்போது தூக்குது. ரெண்டுக்கும் தண்ணிதான் ஏணி. ஏணிய எடுத்துட்டா வேல முடிஞ்சிது.”

இரண்டு ஆட்களை வரச்சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கல்லு வைக்க ஆள் வரட்டும். மண்ண எடுக்கறது, போட்டவரே எடுக்கட்டும்.”

“தம்பி, அவருக்கு எழுபது வயசுடா,” என்றாள் உள்ளிருந்து என் மனைவி.

“தெரியும்க்கா. மெதுவா எடுக்கட்டும்.”

நான் மறுக்கவில்லை. என் தரப்பில் சொல்லத் தகுந்த வாதம் ஒன்றும் மிச்சமில்லை என்பதாலும், அவர் எதிரில் முடியாது என்று சொல்ல விருப்பமில்லாததாலும் கடப்பாரையை எடுத்தேன். பன்னிரண்டு நாட்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். ஈரப்பட்ட மண்டி மண் தோண்டத் தோண்டப் பழைய வாடையை விட்டது: மண்டியில் மழை நாளில் எழும் அதே வாடை. மச்சான் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். இம்முறை அவர்மேல் தவறில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது. குச்சியில் ஒன்றரை அடிக்குக் கோடு போட்டு வைத்திருந்தார். குழிக்குள் அந்தக் குச்சியை இறக்கி, “இன்னும் நாலு விரல் கம்மி மாமா,” என்பார். அது தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

ஆனால் அந்த நாட்களிலேயே வேறொன்றும் நடந்தது. நான் மண் அள்ளும் வேளையில், அவர் உள்ளே போய் அக்காவின் இரு கைகளையும் பிடித்து எழுப்பி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நடக்கவைத்தார். “லெஃப்ட்... ரைட்... லெஃப்ட்... ஏய், சிப்பாய் தூங்குறாரு!” என்பார். அவள் திட்டிக்கொண்டே நடப்பாள். நான் கையேந்தி அழைத்தபோது எழாதவள் அவர் அதட்டியபோது எழுந்தாள். முழங்கால் ஆழக் குழியிலிருந்து நிமிர்ந்து அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தேன்.

குழி முடிந்ததும் பெருஜல்லி, அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் கல் உடைத்த கிரஷர் தூள் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இடித்தார்கள். இருபுறமும் கல்லைச் செங்குத்தாகப் புதைத்து ஓரம் கட்டினார்கள். மழைநீர் வழிவதற்கு ஒரு விரல் சரிவு. சிமெண்டுக் கலவை அறவே இல்லை. ஒவ்வொரு கல்லின்மீதும் மச்சான் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்தார். சரியில்லாத கல்லை மூன்று முறை கூட எடுக்கச்செய்தார். ஆட்கள் அவருக்குப் பின்னால் அவரைத் திட்டினார்கள். அது கேட்டு எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

கடைசி நாளில், கேட்டின் வலப்பக்க மூலையில், நடக்கும் வழிக்கு வெளியே, ஒரு கல் மட்டும் பழையபடி இருப்பதைக் கண்டேன். அதன் அடியில் மண்டி மண் அப்படியே இருந்தது. நான் கடப்பாரையோடு போனேன்.

“அத உடுங்க மாமா,” என்றார். “அது உங்க கல்லு. வருசா வருசம் எவ்ளோ எழும்புதுன்னு நீங்க பாக்கணும்.”

பிறகு கால் கழுவிக்கொண்டு, அக்கா கையால் காபி குடித்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பேருந்துக்குப் போய்விட்டார்.

இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. பாதை அசையவில்லை. என் மனைவி காலையில் ஆறு சுற்று, மாலையில் ஆறு சுற்று நடக்கிறாள். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டாள். தெருவில் யார் கேட்டாலும், “என் தம்பி போட்டது” என்கிறாள். மண் எடுத்தவன் யார் என்று எவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. மச்சான் மாதம் ஒருமுறை வருகிறார். வந்தவுடன் என் எதிரில் ரசமட்டத்தை ஒரு கல்லின்மேல் வைத்துக் குமிழியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். நாங்கள் இருவரும் இப்போதும் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

இந்த மார்கழியில் மூலைக்கல் மீண்டும் வெள்ளை பூத்து, ஒரு பக்கம் இரண்டு விரல் எழும்பி நின்றது. மச்சான் வரும் நாளுக்கு முன் அதைப் பெயர்த்து எறிந்துவிடலாம் என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டருகே நின்றிருந்த மனைவி கைத்தடியை நீட்டி வழிமறித்தாள்.

“இன்னா பண்றீங்க?”

“இது எதற்கு இங்கே? தட்டிவிட்டால் விழுவாய்.”

“நான் அதுமேல கால் வைக்கிறதே இல்லையே,” என்றாள். கைத்தடியின் நுனியால் அந்தக் கல்லை இரண்டு தட்டுத் தட்டினாள். அது ஆடியது. “இருக்கட்டும். இங்க வந்து இதத் தட்டுனாத்தான் எனக்கு ஒரு சுத்து முடிஞ்ச கணக்கு.”

திரும்பி, நேரான கற்களின்மேல் வாசலை நோக்கி நடந்தாள். நான் கடப்பாரையைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தேன்.