மலையை இடப்பக்கம் வைத்து ஒரு நடை

தை மாதம் திருவண்ணாமலைக்குப் போய்ப் பத்து நாள் தங்கினோம். கிரிவலத்துக்காக இல்லை. என் கணவருக்கு மூளையின் வலது பக்கம் கட்டி. அறுவை சிகிச்சையில் முழுதும் எடுக்க முடியவில்லை. மிச்சத்தோடு, மாத்திரையும் ஸ்கேனுமாகக் காலம் ஓடுகிறது. கண்ணில் கோளாறு இல்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது. தட்டின் இடது பாதியில் வைத்த இட்லி அப்படியே கிடக்கும். “ரெண்டுதான் வச்சியா?” என்று என்மேல் கோபம் வேறு! முன்பெல்லாம் தன் வடையை முடித்துவிட்டு என் வடையையும் லபக்கென்று எடுத்துக்கொள்கிற மனுஷன். இப்போது தட்டைத் திருப்பித் திருப்பி வைப்பதே என் வேலை.

வேலூரிலிருந்து சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். ஊர் நெருங்கியபோது வலது ஜன்னலில் மலை தெரிந்ததும் இவர்தான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு சின்ன மறுவாழ்வுப் பயிற்சி மையம், நாங்கள் வந்தது அதற்குத்தான். பயிற்சி கொடுக்கிற நித்யாவிடம் இவர் கேட்டது ஒன்றுதான்: “எப்பம்மா நான் ரோட்டுல தனியா போவேன்?”

“யாரும் சொல்லாம நீங்களே இடது பக்கம் பாக்கணும் சார். அப்புறம்தான் அதப்பத்திப் பேசவே முடியும்” என்றாள். கூடவே ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தாள்: தினமும் காலையில் மலை இடப்பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். “அவ்ளோ பெரிய மலை சார், தேடுனா கெடைக்காமலா போயிடும்?”

எனக்குத் திக்கென்றது. கிரிவலத்தில் மலை வலப்பக்கம் அல்லவா வரவேண்டும்? ஏற்கெனவே பட்டது போதாதா, சாமியோடும் வம்பா?

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, செங்கம் சாலையில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜிலிருந்து ஆட்டோவில் ஊருக்கு வெளிப்பக்கமாக ஒரு கிலோமீட்டர் போய் இறங்கினோம். எண்பது ரூபாய். ஊரைப் பார்த்து நடக்கத் திரும்பியதுமே டிரைவர் பாஷா பாய் கூப்பிட்டார்.

“யம்மா, ராங்கா போறீங்க. மலை சோத்தாங்கை பக்கம் வரணும்.”

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். “அப்டி பாத்தா நான் டெய்லி வூட்டுக்கு ராங்காதான் போறேன். சாமி இன்னா கேஸா போட்டுச்சு? நீங்க நடங்க சார்.”

நடந்தோம். பக்கத்திலேயே அத்தனை பெரிய மலை. இவர் நின்று, “எங்கடி மலை? காலி பண்ணிட்டுப் போயிடுச்சா?” என்றார். சிரித்தேன். அடுத்த நிமிடமே அழுகை வந்துவிட்டது. நான் இடப்பக்கம் நடந்ததால் அழுததும் அவருக்குத் தெரியவில்லை.

தினமும் இடது தோளைத் தட்டி, “ஏங்க, இங்க பாருங்க” என்பேன். பார்ப்பார், மறப்பார். ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது நான் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் நடந்தேன். இவர் சட்டென்று நின்றார். கழுத்து மெல்லத் திரும்பியது. “உச்சியில மேகம் ஒக்காந்துருக்கு பாரு” என்றார். அன்று மையத்துக்குப் போனதும் முதல் வேலையாக இதைத்தான் சொன்னேன். நித்யாவுக்கும் சந்தோஷம். ஆனாலும், “தனியா வேணாம் சார். துணையோடதான். இன்னும் பயிற்சி இருக்கு” என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். பௌர்ணமியை ஒட்டிப் போகவே போகாதீர்கள், கூட்டத்தில் ஆளைத் தள்ளிவிடுவார்கள். வெயில் ஏறுமுன் நடையை முடியுங்கள். வலிப்பு மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும். பழைய ஆள் அப்படியே திரும்பி வருவார் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார், அதுவே எனக்கு நிறைவாக இருக்கிறது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை, செங்கம் சாலை முழுக்க டிபன் கடைதான். கிளம்பும் நாள் காலை ஒரு கடையில் இவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். வழக்கம்போல இவர் தட்டைத் திருப்பி வைக்கக் கை நீட்டினேன். இட்லி, வடை எல்லாம் காலி. அப்பாடா என்று என் தட்டுக்குத் திரும்பினால், என் வடையைக் காணோம்.

இரண்டு பேர் போனால் மூன்று வடையாகச் சொல்லிவிடுங்கள்.