எழுந்திருக்காத டீச்சர்

குழந்தைகள் காப்பகத்தில் டீச்சர் ஒருவர் தரையில் உட்கார்ந்து போராட்டம் நடத்துகிறார், எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார் என்று தெருவெல்லாம் பேச்சு. சம்பளத்துக்காக என்றார் மருந்துக்கடைக்காரர். நிர்வாகியம்மாவின் வாய்க்காக என்றார் தையற்காரர். டீச்சரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

நேரில் போனேன். ஒன்றரை வயதுக்காரர்களின் அறை. நாற்காலி, அலமாரி, கைகழுவும் தொட்டி எல்லாம் அவர்களுக்கு அளவெடுத்தவை. பெரியவர்களுக்கென்று இருந்தது கதவின் மேல்தாழ்ப்பாள் ஒன்றுதான். டீச்சர் சுவரில் சாய்ந்திருந்தார்.

“போராட்டமாமே?”

“அட நீங்க வேற! மடக்கின முட்டி நிமிர மாட்டேங்குது. வெளிய சொல்லிடாதீங்க. தெரிஞ்சா இந்த ரூமை விட்டே எடுத்துடுவாங்க. போராட்டம்னே இருக்கட்டும்.”

டீச்சர் குழந்தை வளர்ச்சியில் முதுகலை. “பட்டம் வாங்கி மூக்கு துடைக்கிறா” என்பது வீட்டுக்காரரின் பாராட்டுரை. குழந்தையிடம் பேசுவதானால் அதன் கண் உயரத்துக்கு இறங்கு என்பது அந்தப் படிப்பின் முதல் பாடம். இருபது வருடமாக இறங்கிக்கொண்டே இருந்தார். ஏறுவதற்குப் பாடம் வைக்கவில்லை. இந்தத் தொழிலில் பதவி உயர்வு என்றால் நாற்காலி. நாற்காலி கிடைத்தவர்கள் குழந்தையைக் கோப்பில்தான் பார்ப்பார்கள். இரண்டு முறை வந்த நாற்காலியை வேண்டாம் என்றவர். வளர்த்துவிட்ட பிள்ளைகள் கடைவீதியில் எதிர்ப்பட்டால், “யாரும்மா இந்த ஆன்ட்டி?” என்று கேட்கும். அந்த வயது நினைவில் தங்காது. அதையும் அவரே படித்துத் தேறியிருக்கிறார்.

நிர்வாகியம்மா வந்து நின்றார்.

“தெருவே சிரிக்குது. என்னதான் வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்க!”

கோரிக்கை இல்லாத போராளி திருதிருவென விழித்தார். பிறகு சட்டென்று, “ரூமுக்கு இன்னொரு ஆள் வேணும் மேடம்.”

நிர்வாகியம்மா பல்லைக் கடித்தார். வாசலில் பெற்றோர் கூட்டம் வேறு.

“சரி, போடறேன். எழுந்திருங்க.”

இவ்வளவு சீக்கிரம் ஜெயிப்போம் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை. சுவரைப் பிடித்தார். சறுக்கினார். மறுபடி பிடித்தார்.

“அதான் தர்றேன்னுட்டேனே, இன்னும் என்ன?”

“பாவம், அவங்களால முடியலம்மா” என்று ஆயாம்மா அழுதுவிட்டார்.

ஆயாம்மாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். நிர்வாகியம்மா முட்டியைப் பார்த்தார்.

சொன்ன சொல்லையும் அவர் தவறவில்லை. மறுநாளே இன்னொரு ஆள் வந்தார், டீச்சரின் இடத்துக்கு.

முதல் நாள் தூக்கி நிறுத்தியபோது ஒன்று நடந்தது. யாரிடமும் ஒட்டாமல், எதையும் கையை விட்டுத் தராமல் மூலையிலேயே கிடந்த பயல் ஒருவன், தன் பந்தை டீச்சரின் காலடிக்கு உருட்டிவிட்டான். உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, திரும்பி வருமென்று காத்திருந்தான். டீச்சரால் குனிய முடியவில்லை. வெளியே கூட்டிப்போனார்கள்.

இப்போது வீட்டில் கட்டிலோடு கிடக்கிறார். காப்பகத்துக்குள் அவரை விடுவதில்லை.

“அந்தப் பயலுக்கு ஒரு உருட்டு பாக்கிங்க” என்கிறார்.